ஹாஸ்பிஸ் உதவியோடு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது: எதை முதலில் செய்வது, எங்கே தவறுகிறோம்

ஹாஸ்பிஸ் என்பது, குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளின் கடைசிக் காலத்தில் வலியையும் தொந்தரவையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் சேவை. தொண்டு நிறுவன ஹாஸ்பிஸ் ஒன்றின் வீட்டு வருகைக் குழுவோடு சில வருடங்களாகப் போய்வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. நர்ஸோடு போய் உட்கார்ந்து, குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பது, குறிப்பு எழுதுவது, மெத்தை முதலானவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப எடுத்துவருவது என் வேலை. நான் பார்த்தவரை எந்தக் குடும்பமும் பாசத்தில் குறை வைப்பதில்லை. வரிசையில்தான் தவறு நடக்கிறது. விலை உயர்ந்த கட்டில் வாங்குவார்கள், ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுப்பார்கள். வலி மாத்திரை மட்டும் "ரொம்ப வலிச்சா குடுக்கலாம்" என்று அலமாரியில் இருக்கும்.

எதற்குப் பிறகு எது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் சொல்லப்போவதில்லை; அது உங்கள் குழுவின் மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்வது.

1. கூப்பிடுவது: கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்

"இன்னும் அந்த நிலைமைக்கு வரலைன்னு நினைச்சோம்." முதல் போனிலேயே இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பல சமயம் அப்போது மிச்சம் இருப்பது சில நாட்கள்தான். வலி மருந்தைக் கூட்டிக் குறைத்து அவருக்குப் பொருந்தும் அளவைக் கண்டுபிடிக்கவே அந்த நாட்கள் போய்விடும். குடும்பத்தோடு பழகவும் நேரம் இருக்காது.

பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கழிகிறது, சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, சிகிச்சையால் கிடைக்கும் பலனைவிடத் தொந்தரவு அதிகமாகிவிட்டது. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விசாரித்துவிடலாம்.

சிகிச்சை தரும் மருத்துவரிடம் "எவ்வளவு நாள் இருப்பார்?" என்று கேட்டால் நேரான பதில் வராது, அவருக்கே தெரியாது. அதற்குப் பதிலாக, "இன்னும் ஒரு வருஷத்துக்குள் இவர் இறந்துபோனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்று கேளுங்கள். நோய்த்தணிப்பு மருத்துவர்கள், அதாவது நோயின் வலியையும் தொந்தரவையும் குறைக்கும் மருத்துவர்கள், தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. "இருக்காது" என்று பதில் வந்தால் அன்றே கூப்பிடுங்கள்.

இந்த உதவி புற்றுநோய்க்கு மட்டும் உரியது அல்ல. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய நுரையீரல் நோய், மறதிநோய் எல்லாவற்றுக்கும் உண்டு. நோய்த்தணிப்புச் சிகிச்சையை மற்ற சிகிச்சை நடக்கும்போதே சேர்த்துப் பெறலாம். நோயைக் குணப்படுத்தும் முயற்சி நின்ற பிறகு வருவது ஹாஸ்பிஸ் பராமரிப்பு.

2. குழு வருவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

முழு ஃபைலையும் மேஜையில் பரப்பிவைக்க வேண்டாம். முதல் சந்திப்பில் நர்ஸ் தேடுவது கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், கடைசி ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றைத்தான். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்ற மருந்து உடம்பில் தேங்கும், வேறு மருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

மாத்திரைகளின் பெயரை எழுதிக் கொடுக்காமல், வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு அப்படியே காட்டுங்கள். எழுதிய பட்டியலுக்கும் உண்மையில் சாப்பிடுவதற்கும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒரே வலி மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாகப் போய்க்கொண்டிருந்ததை ஒரு பையில்தான் கண்டுபிடித்தோம்.

அப்புறம், முடிவெடுக்க வேண்டி வந்தால் யாரிடம் பேசுவது என்று வீட்டுக்குள் முன்கூட்டியே பேசி ஒருவரைச் சொல்லுங்கள். நான்கு பேர் நான்கு விதமாகப் போன் செய்தால் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் எதை நம்புவார்?

3. நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்று அவரிடமே கேளுங்கள்

வாசலிலேயே எங்களை நிறுத்தி, "அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடப்பது. ஒரு வீட்டில் மகன்கள் இருவரும் அப்படிச் சொல்லிவிட்டு அறைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே போனதும் அந்த அம்மா நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. பசங்களுக்குத் தெரியாத மாதிரி பார்த்துக்கோ."

உண்மையைக் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. "உடம்புக்கு என்னன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாங்களா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர் பேச விரும்பினால் பேசுவார். விரும்பாவிட்டால் "அதெல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க" என்பார், அதுவும் ஒரு பதில்தான்.

இந்தப் பேச்சை மூன்றாவது படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, குழாய் வேண்டுமா, வேண்டாமா என்று அடுத்து வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அவர் விருப்பம் தேவை. பேச முடியும் நாட்கள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

4. குழுவிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

தொண்டு ஹாஸ்பிஸ் என்றால் ஒருவர் வந்து இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருப்பார் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. வீட்டு வருகை என்பது வாரத்தில் சில தடவை, அல்லது நிலைமை மோசமானால் கூடுதலாக. அன்றாட வேலை குடும்பத்தோடதுதான். அதைச் சரியாகச் செய்யச் சொல்லிக்கொடுப்பதும், கைமீறும்போது வந்து நிற்பதும் குழுவின் வேலை. இது முதல் நாளே தெளிவாகிவிட்டால் பாதி மனத்தாங்கல் வராது.

இரவில் போன் எடுப்பார்களா, அல்லது காலையில்தானா? மருந்தும் டிரெஸ்ஸிங் பொருட்களும் அவர்களே தருவார்களா? காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மலம் கழிக்கும் நாற்காலி இரவல் கிடைக்குமா? பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்கச் சில நாட்கள் நோயாளியை அவர்கள் மையத்தில் சேர்த்துக்கொள்வார்களா? இறப்புச் சான்றுக்கு யார் கையெழுத்துப் போடுவார்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த நாளில் மருத்துவரைத் தேடி அலைவது கொடுமை.

இலவசமாகச் செய்கிறார்களே என்று சிரமத்தைச் சொல்லத் தயங்காதீர்கள். "இதுக்குப் போய் அவங்களைத் தொந்தரவு பண்ணணுமா" என்று விடிய விடியக் காத்திருந்த வீடுகளில், காலையில் நாங்கள் போகும்போது வேலை இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

5. வலி: இது அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம்

வலி இருக்கும்வரை குளிப்பாட்ட முடியாது, திருப்பிப் படுக்கவைக்க முடியாது, மனசுவிட்டுப் பேச முடியாது. அதனால் கட்டிலுக்கும் மெத்தைக்கும் முன்னால் இதைச் சரி செய்யுங்கள்.

முதலில் ஒரு நோட்டு. நேரம், வலி எங்கே, 0 முதல் 10 வரை எத்தனை, என்ன மருந்து கொடுத்தோம், ஒரு மணி நேரம் கழித்து எத்தனை. இவ்வளவுதான். "நேத்து ராத்திரி பூரா வலி" என்று சொன்னால் மருத்துவரால் அளவை மாற்ற முடியாது. "இரண்டு மணிக்கு 8, மருந்துக்குப் பிறகு 5, அஞ்சு மணிக்கு மறுபடி 8" என்றால் உடனே புரியும்: மருந்து வேலை செய்கிறது, ஆனால் அளவு போதவில்லை.

பேச முடியாதவருக்கு எண் கேட்க முடியாது. திருப்பும்போது புருவம் சுருங்குகிறதா, கை இறுகுகிறதா, முனகுகிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, கடிகாரம். வலி வந்த பிறகு கொடுத்தால் மருந்து அதைத் துரத்திப் பிடிக்கத் திணறும். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, முடிந்தவரை வாய்வழியாக, நேரப்படி கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. வலி இல்லாத நேரத்திலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்க வேண்டும். வலி இல்லாமல் இருப்பதே அந்த மருந்தால்தான். இதற்கு நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க, தனியாக ஒரு கூடுதல் வேளை எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது வழக்கமான வேளைக்குப் பதில் அல்ல. ஒரு நாளில் அதை எத்தனை தடவை கொடுத்தீர்கள் என்ற கணக்கை வைத்துத்தான் மறுநாள் அளவைக் கூட்டுவார்கள், எனவே விடாமல் குறியுங்கள்.

மார்ஃபின் என்றதும் முகம் மாறுகிறது. "பழக்கமாகிடாதா? சீக்கிரம் முடிச்சுடாதா?" வலிக்காகச் சரியான அளவில் தரப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. நாளாக ஆக உடம்பு அதற்குப் பழகும். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வரும். அது போதைக்கு அடிமையாவதிலிருந்து வேறு. எனவே யாராவது சொன்னார்கள் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஆரம்பித்த இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பெரும்பாலும் போய்விடும். போகாமல் நிற்பது மலச்சிக்கல். அதனால் முதல் வேளையிலிருந்தே மலமிளக்கியும் சேர்ந்து ஓட வேண்டும். மார்ஃபினைக் கொடுத்துவிட்டு மலமிளக்கியை "தேவைப்பட்டால் பார்ப்போம்" என்று விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இன்னும் சில தவறுகள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுப்பது: பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே அடியாக உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் போன் செய்யுங்கள், திரவமாக, தோலில் ஒட்டும் பேட்சாக, தோலுக்கடியில் ஊசியாகத் தர வழி உண்டு. ஃபென்டனில் (மார்ஃபின் போன்ற இன்னொரு வலி மருந்து) பேட்ச் ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பது: சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போகும். பழைய பேட்சை எடுக்காமல் புதிதை ஒட்டுவதும் அப்படியே. பேட்ச் ஒட்டியதும் வலி குறையவில்லையே என்று பதறவும் வேண்டாம், முழு பலனுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மிக மெதுவாவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது. இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் குழுவைக் கேளுங்கள். மருந்துப் பாட்டில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாக.

6. படுக்கையும் தோலும்

குளிப்பாட்டுவது, திருப்புவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது எதுவானாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் வலி மருந்து போயிருக்க வேண்டும். இதை மறந்தால் நோயாளி உங்கள் கை பட்டாலே பயப்படத் தொடங்குவார்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சாய்த்தால் போதும். இடுப்பெலும்பின் மேல் முழு எடையும் விழாது. இருவர் சேர்ந்து, அடியில் விரித்த போர்வையைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் உரியும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள், உள்ளே ஏற்கெனவே நொந்த தசை இன்னும் கெடும். வளையம் போன்ற டியூபும் வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது தடுக்கிறது. காற்று மெத்தை வந்த அன்று "இனிமே திருப்ப வேண்டாமில்ல?" என்று கேட்பார்கள். வேண்டும். இடைவெளியை வேண்டுமானால் நர்ஸிடம் கேட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

7. வாய், சாப்பாடு, மலம்

வாயைக் கவனிக்காமல் விடுகிறோம். வாயால் மூச்சுவிடுபவருக்கு நாக்கு காய்ந்து தோல்போல் ஆகிவிடும். மென்மையான பிரஷ், ஈரத் துணி, உதட்டுக்குத் தடவ ஏதாவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பும்போதே இதையும் செய்துவிட்டால் மறக்காது. வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

சாப்பாடுதான் வீட்டில் சண்டை வரும் இடம். சாப்பிடாததால் இறந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறோம். இறந்துகொண்டிருப்பதால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்கும்போது, கேட்ட அளவு, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கடைசிக் கட்டத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வராது. கை கால் வீங்கி, நெஞ்சில் சளி சேர்வதுதான் பெரும்பாலும் நடக்கும்.

மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள். பல நாள் போகாமலிருந்து திடீரெனத் தண்ணீராகப் போனால் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடாதீர்கள். உள்ளே மலம் கட்டியாகி அடைத்திருக்க, அதைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம்.

8. மூச்சுத்திணறலும் திடீர்க் குழப்பமும்

மூச்சுத் திணறும்போது முதலில் செய்வது முன்னால் சாய்த்து உட்காரவைத்து, தலையணை மேல் கைகளை ஊன்றச் சொல்வது. ஒரு சிறிய ஃபேனை முகத்துக்கு நேராக வையுங்கள், கன்னத்தில் காற்று படுவதே திணறல் உணர்வைக் குறைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையாதவருக்கு சிலிண்டரால் பெரிய பலன் இல்லை. சிறிய அளவு மார்ஃபின் இதற்கும் கொடுப்பார்கள்.

ஒரே நாளில் ஆளே மாறி, கத்தி, துணியைப் பிடித்து இழுத்தால் "மூளைக்குப் போயிடுச்சு" என்று முடிவுகட்டாதீர்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்திருப்பது, மலச்சிக்கல், காய்ச்சல், புதிதாகச் சேர்த்த மருந்து என்று சரிசெய்யக்கூடிய காரணம் பல சமயம் இருக்கும்.

9. பார்த்துக்கொள்பவருக்கு முறை வையுங்கள்

எல்லா வீட்டிலும் ஒருவர் மேல்தான் எல்லாம் விழுகிறது, பெரும்பாலும் ஒரு பெண் மேல். அவர் சோர்ந்து விழும்வரை யாரும் கவனிப்பதில்லை. வாரத்தில் எந்தெந்த இரவு அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார் என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பவர்களிடம் உடனே ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள்: புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார, மருந்து வாங்கிவர, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர. ஹாஸ்பிஸ் தன்னார்வலர்களையும் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

குழந்தைகளிடம் "தாத்தா தூங்கப்போறார்", "ஊருக்குப் போறார்" என்று சொல்ல வேண்டாம். தூங்கப் பயப்படுவார்கள், ஊருக்குப் போனவருக்காகக் காத்திருப்பார்கள். இறந்துபோவார் என்ற சொல்லையே சொல்லுங்கள், அது யார் தப்பும் இல்லை என்பதையும் சேர்த்து.

10. கடைசி நாட்களுக்கான காகிதம்

மாதக்கணக்கில் வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொண்டு, கடைசி இரவில் பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தும் அப்படி நடந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, எதைப் பார்க்கப்போகிறோம் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

எனவே முன்கூட்டியே ஒரு காகிதம்: எங்கே இருக்க விரும்புகிறார், எதற்காக ஆஸ்பத்திரி போவோம், எதற்காகப் போக மாட்டோம், குழுவின் இரவு எண், யாரை எந்த வரிசையில் கூப்பிடுவது. நெஞ்சை அழுத்தி உயிர்மீட்க வேண்டாம் என்று முடிவாகியிருந்தால் மருத்துவர் கையெழுத்தோடு அதுவும். கடைசி நாட்களுக்கான மருந்துகள் வீட்டில் வந்து இருக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் கசிய வாய்ப்புள்ள கட்டி என்றால் அடர் நிறத் துண்டுகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், வெள்ளைத் துணியில் கொஞ்ச ரத்தமும் பயங்கரமாகத் தெரியும்.

பார்க்கப்போவது இவைதான். நாள் முழுக்கத் தூக்கம். விழுங்குவது நிற்கும். சிறுநீர் குறைந்து கறுக்கும். கை கால் குளிர்ந்து, முழங்காலில் கருநீலத் திட்டுகள் படரும். மூச்சு வேகமாகி, ஆழமாகி, மெல்லக் குறைந்து, சில வினாடி நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கொரகொர என்று சத்தம் வரும். இருமி வெளியேற்றத் தெம்பில்லாமல் எச்சில் தேங்குவதால் வருவது. கேட்பவருக்குத்தான் அது வேதனை, அந்த நிலையில் அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் உதவாது.

இந்த நாட்களிலும் வலி மருந்தை நிறுத்தக் கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் வழியைத்தான் மாற்ற வேண்டும்.

பக்கத்தில் பேசுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எந்த அசைவும் இல்லாத ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சிலருடைய மூளை அந்த நிலையிலும் ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. என்ன புரிகிறது என்பது வேறு விஷயம். ஆனால் சொத்துத் தகராறை அந்த அறையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

11. இறந்த பிறகு

அவசரம் எதுவும் இல்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், குழுவுக்குப் போன் செய்யுங்கள், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருங்கள். கூடவே இருந்தவர் தண்ணீர் குடிக்க வெளியே போன ஐந்து நிமிடத்தில் மூச்சு நின்றிருக்கலாம். இது அடிக்கடி நடப்பது, அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சில வாரங்கள் கழித்துக் குழுவிலிருந்து யாராவது பேசுவார்கள். அந்தப் போன் குடும்பத்தில் அதிகம் அழாதவருக்கும் உரியது. தூக்கம், வேலை, சாப்பாடு எதுவும் மாதக்கணக்கில் திரும்பவில்லை என்றால் அப்போது சொல்லுங்கள், அதற்கும் அவர்களிடம் ஆள் இருக்கும்.

மிச்சமிருக்கும் மார்ஃபினையும் பேட்ச்களையும் எண்ணிக் குழுவிடமே ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டு நோயாளிக்கு என்று கொடுத்துவிடக் கூடாது. காற்று மெத்தையைத் துடைத்துக் காயவைத்து, மோட்டாரையும் இரண்டு டியூப்களையும் அதோடு சேர்த்தே கட்டிவையுங்கள். டியூப் ஒன்று எப்போதும் கட்டிலுக்கு அடியில் கிடந்துவிடும், அது இல்லாமல் அடுத்த வீட்டில் மெத்தை நிரம்பாது.